எடை குறைந்து பிறந்த பிள்ளையும் நாற்பது நாளும்

(நமது டிரஸ்ட்டின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஆலிம் பெருமக்களே, ஜமாஅத் பெரியோர்களே, மாடியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, ஜகாத் கணக்கு, குமர் காரியம் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்குப் பேசப்போவது பேறுகால அறைக்குள் நடக்கிற விஷயம். "இதையெல்லாம் ஆம்பளைங்க உட்கார்ந்திருக்கிற சபையில பேசணுமா?" என்று கமிட்டியிலேயே ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் மாடியில் இருப்பவர்களைவிடக் கீழே இருக்கும் நாம்தான் இதை முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியதால் பேசத் துணிந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்பு நம் மஹல்லாவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. மாப்பிள்ளை சவூதியில். வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், சிஸேரியன் செய்து, ஆண் பிள்ளை பிறந்தது. எடை 1 கிலோ 400 கிராம். பிள்ளையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகும் என்று அந்தப் பெண்ணின் வாப்பா நம் அலுவலகத்துக்கு வந்து கண்கலங்கி நின்றார். பைத்துல்மாலில் இருந்து கொடுத்தோம். போதவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரித்து வசூல் செய்தும் கொடுத்தோம்.

ஐந்தாம் நாள் உம்மாவை டிஸ்சார்ஜ் செய்தார்கள். பிள்ளை அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வந்த பெண்ணைப் பேறுகால அறையில் படுக்க வைத்து, நாற்பது கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் ஒரு வாரம் அவளுடைய தம்பி பாலைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு பால் குறைந்துபோய், பவுடர் பாலுக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்து நான்காம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தபோது எடை 1 கிலோ 700 கிராம். அந்த இருபத்து நான்கு நாளில் பெற்றவள் பிள்ளையைத் தொட்டது மூன்று தடவை என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தள்ளிப்போன அகீகாவை அன்றைக்கே வைத்தார்கள். தலைமுடி இறக்கி, தண்ணீர் ஊற்றி, சாம்பிராணி போட்டு, புதுத் துணியில் சுற்றி, வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு தடவை வாங்கிப் பார்த்தார்கள். நாமும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு துஆ செய்துவிட்டு வந்தோம். இரவு, தையல் போட்ட உடம்பு என்று உம்மாவைத் தனியாகப் படுக்கவைத்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டிருக்கிறார்கள். மேலே ஃபேன் ஓடியிருக்கிறது. ஃபஜ்ருக்கு முன்னால் பார்த்தால் பிள்ளையின் கால் பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தது. பால் இழுக்கவில்லை. கார் பிடித்துப் போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கபன் துணி வாங்கிக் கொடுத்ததும் நம் டிரஸ்ட்தான்.

அந்தப் பெண்ணிடம் சம்மதம் கேட்டுத்தான் இதைச் சபையில் சொல்கிறோம். பெயரும் தெருவும் சொல்லக் கூடாது என்றாள். சொல்லவில்லை. தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி இருந்துவிடுங்கள்.

அல்லாஹ்வின் நாட்டம் என்று நாம் ஈமான் கொள்கிறோம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்த விஷயத்தில் நாம் ஒட்டகத்தைக் கட்டினோமா? பில்லுக்குப் பணம் கட்டினோம், அவ்வளவுதான். பிள்ளையின் உம்மா எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மருத்துவமனையில் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவில்லை, பணம் கொடுத்த நாமும் கேட்கவில்லை.

அந்த மவுத்துக்குப் பிறகு மனசு கேட்காமல், அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவுக்கு ஒரு இன்குபேட்டர் வாங்கிக் கொடுப்பது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். வசூலும் ஆனது. பிள்ளையின் ஞாபகமாக என்று சொன்னதும் பலர் மனமுவந்து கொடுத்தார்கள். என்ன மாடல் வாங்கலாம் என்று கேட்கப் போனபோது, அங்கே இருந்த குழந்தை மருத்துவர் அம்மையார் நம்மை உட்காரவைத்து ஒரு அறையைக் காட்டினார். பெட்டி இருந்தது, வார்மர் இருந்தது. பக்கத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரே ஒரு பெண், பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, முதுகு வலிக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "மிஷின் எங்களுக்கு இருக்கு. இங்க உட்கார உம்மாமார்தான் இல்ல. வர்றவங்க சாஞ்சு உட்கார நாற்காலி இல்ல, மறைப்புக்குத் திரை இல்ல, மத்தியானச் சாப்பாட்டுக்கு வழி இல்லாம வீட்டுக்குப் போயிடுறாங்க. பணம் இருந்தா அதுக்குக் கொடுங்க" என்றார்.

திரும்பி வந்து கமிட்டியில் சொன்னதும் சச்சரவு. இன்குபேட்டருக்கு என்று வாங்கிய பணம் அமானிதம். அதை நாற்காலிக்கும் திரைக்கும் மாற்ற நமக்கு அதிகாரம் கிடையாது என்று இமாம் சாஹிப் சொல்லிவிட்டார். ஆகவே கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போய்ச் சம்மதம் கேட்டோம். பெரும்பாலோர் சரி என்றார்கள். இரண்டு பேர், மிஷின் என்றால்தான், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டோம். அவர்கள் மேல் வருத்தம் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பு நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாற்காலியில் அந்தப் பெண் செய்துகொண்டிருந்ததற்குப் பெயர் கங்காரு தாய் பராமரிப்பு. கங்காருக் குட்டி முழுதாக வளராமல் பிறந்து தாயின் பைக்குள் கிடந்து வளர்வதைப் பார்த்து வைத்த பெயர். பெயரைக் கேட்டு நம் பெரிய உம்மாமார் சிரிக்கிறார்கள். நம் ஊரில் இப்போது "நெஞ்சில போடுறது" என்றே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அதுவே நல்ல பெயர்.

இது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், 1978இல், ஏழைகள் வரும் ஒரு மகப்பேறு மருத்துவமனையில். அங்கே பெட்டிகள் போதாமல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து வைக்க வேண்டிய நிலை. ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு நோய் தொற்றும். உம்மாவிடமிருந்து பிரித்து வைத்ததால் சில பிள்ளைகளை விட்டுவிட்டே போய்விடுவார்கள். எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், உம்மாவின் நெஞ்சையே பெட்டியாக்கினால் என்ன என்று தொடங்கினார். அவரோடு எக்டோர் மார்த்தினெஸ் என்ற டாக்டரும் சேர்ந்துகொண்டார். வசதியில்லாத இடத்தில் வேறு வழியில்லாமல் செய்தது என்றுதான் பல காலம் உலகம் நினைத்தது. மிஷின் உள்ள ஊருக்கு இது தேவையில்லை என்றும் நினைத்தார்கள்.

அந்த நினைப்பு மாறியது சமீபத்தில்தான். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1 கிலோ 800 கிராமுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். ஒரு பகுதியினரைப் பிறந்தவுடனே உம்மாவின் நெஞ்சில் போட்டு, உம்மாவையும் அந்த வார்டிலேயே தங்க வைத்தார்கள். மற்றவர்களை வழக்கம்போல, உடம்பு தேறிய பிறகு கொடுத்தார்கள். வழக்கம்போல வைத்ததில் நூற்றுக்கு 15.7 பிள்ளைகள் ஒரு மாதத்துக்குள் இறந்தன. உடனே நெஞ்சில் போட்டதில் நூற்றுக்கு 12. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். 2021இல் இது வெளிவந்தது. அதன் பிறகு 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், குறைமாதமாகவோ எடை குறைந்தோ பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும், பிறந்தவுடனே ஆரம்பித்து, ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. மூச்சு விட முடியாமல் மிஷின் தேவைப்படும் நிலை, ஷாக் நிலை இவற்றில் டாக்டர்தான் நேரத்தைச் சொல்ல வேண்டும். அதை நாம் தீர்மானிக்கக் கூடாது.

இன்னொரு ஆய்வு நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. ஹரியானாவில் ஃபரீதாபாத், பல்வல் மாவட்டங்களில் 8,402 பிள்ளைகளை வைத்து நடந்தது. ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டே கால் கிலோ வரை எடையுள்ளவை. மருத்துவமனையில் இல்லை, வீட்டிலேயே. சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் உம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் 28 நாள் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. ஓட்டு வீட்டிலும் கூட்டுக் குடும்பத்திலும் நடந்த காரியம் இது. ஹரியானாப் பெண்ணுக்கு முடிந்தது நம் பிள்ளைகளுக்கு முடியாதா?

ஏன் இப்படி நடக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நிறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் கொஞ்சம் கொழுப்பு இருக்கும். குறைமாதப் பிள்ளைக்கு அது இல்லை. எடையோ சிறியது, தோல் பரப்போ அந்த எடைக்கு மிக அதிகம். சூடு சீக்கிரம் போய்விடும், தலை வழியாகக் குறிப்பாக. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள, கையிருப்பில் உள்ள கொஞ்சச் சர்க்கரையையும் அது எரித்துவிடும். சர்க்கரை குறைந்தால் சோர்ந்துபோகும். சோர்ந்தால் பால் இழுக்காது. பால் இல்லாவிட்டால் இன்னும் சில்லிடும். ஒரே இரவில் இந்தச் சுற்று முடிந்துவிடும். அந்த வீட்டில் நடந்தது இதுதான். தலைமுடி இறக்கி, குளிப்பாட்டி, ஃபேனுக்குக் கீழே போட்டது எல்லாமே சூட்டைப் பறிக்கிற காரியம். அன்பினால்தான் செய்தார்கள். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம்.

உம்மாவின் நெஞ்சில் இருந்தால் சூடு இடைவிடாமல் கிடைக்கும். மறந்துபோய் மூச்சை நிறுத்துகிற பழக்கம் குறைமாதப் பிள்ளைகளுக்கு உண்டு; உம்மாவின் மூச்சும் அசைவும் படும்போது அது குறைகிறது. இதயத் துடிப்பு சீராகிறது. பால் சுரப்பது கூடுகிறது. மருத்துவமனையில் சுற்றும் கிருமிக்குப் பதில் உம்மாவின் உடம்பில் உள்ள, கெடுதல் செய்யாத கிருமிகள் பிள்ளையின் தோலில் முதலில் குடியேறுகின்றன. இதற்குக் கரண்ட் பில் கிடையாது என்று டாக்டர் அம்மையார் சொன்னபோது, பைத்துல்மால் கணக்கு எழுதுகிற நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

குறைமாதப் பிள்ளை நம் கிதாபுகளுக்குப் புதிதல்ல. சூரா அஹ்காஃபில் சுமப்பதும் பால்குடி மறப்பதும் சேர்த்து முப்பது மாதம் என்று வருகிறது. சூரா லுக்மானில் பால்குடி மறப்பு இரண்டு வருடத்தில் என்று வருகிறது. முப்பதில் இருபத்து நான்கு போனால் மீதி ஆறு. ஆறு மாதத்தில் பிறந்த பிள்ளையும் முறையான பிள்ளைதான், அந்த உம்மாவைச் சந்தேகிக்கக் கூடாது என்று ஸஹாபாக்கள் காலத்திலேயே இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். மதரஸாவில் ஓதும்போது இது நமக்கு ஒரு கணக்காகத்தான் தெரிந்தது. அந்த ஆறு மாதப் பிள்ளையை எப்படி உயிரோடு வைத்திருந்தார்கள் என்று யோசித்ததே இல்லை.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்தச் சம்பவம் உங்களுக்குத் தெரியும். கைதிகள் நடுவே ஒரு பெண் பதறிக்கொண்டு தேடுகிறாள். தன் பிள்ளையைக் கண்டதும் வாரி எடுத்து உடம்போடு ஒட்டிக்கொண்டு பால் கொடுக்கிறாள். அல்லாஹ்வின் ரஹ்மத் எப்படிப்பட்டது என்பதைப் புரியவைக்க நபி (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுக்குக் காட்டியது அவளைத்தான்.

இப்போது நாற்பது நாள் விஷயத்துக்கு வருகிறோம். இதில் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும்.

பெற்றவளுக்கு நாற்பது நாள் ஓய்வு கொடுப்பது நம் பெரியவர்கள் செய்த நல்ல காரியம். மருந்துச் சோறு, காயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் அவள் உடம்பு தேறத்தான். அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனால் நிஃபாஸ் என்பது தொழுகை, நோன்பு, தாம்பத்தியம் சம்பந்தப்பட்ட சட்டம். ஹனஃபியில் அதிகபட்சம் நாற்பது நாள், ஷாஃபியில் அறுபது. அதற்கு முன்பே ரத்தம் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். நிஃபாஸில் இருப்பவளின் உடம்போ வியர்வையோ நஜீஸ் அல்ல. அவள் பிள்ளையைத் தொடக் கூடாது, பிள்ளை இருக்கும் மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்று எந்தக் கிதாபிலும் இல்லை. இமாம் சாஹிப் இங்கேதான் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வாசல் தாண்டினால் காத்து கறுப்பு அண்டும் என்பவர்களுக்கு ஆயத்துல் குர்ஸி இருக்கிறது. ஓதிக்கொண்டு காரில் ஏறட்டும்.

ஏழாம் நாள் முடி இறக்குவது சுன்னத். ஏழில் முடியாவிட்டால் பிறகு செய்ய இடமுண்டு. எடை குறைந்த பிள்ளைக்கு டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிவையுங்கள். அகீகா ஆட்டை அன்றைக்கே அறுத்துக்கொள்ளலாம், பிள்ளையை ஆள் ஆளாய் வாங்கிப் பார்க்க வேண்டாம். குளிப்பாட்டுவதும் அப்படித்தான். தஹ்னீக் செய்கிறோம் என்று தேன் தொட்டு வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஒரு வயது ஆகும்வரை தேன் கொடுக்கக் கூடாது என்கிறார்கள், அதில் உள்ள ஒரு கிருமி பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து. காதில் பாங்கு சொல்வதற்குத் தடையே இல்லை. உம்மாவின் நெஞ்சில் கிடக்கும்போதே சொல்லலாம்.

பர்தா பற்றியும் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனை வார்டில் நாலு பேர் வந்து போகும் இடத்தில் எப்படி என்று. நியாயமான கேள்வி. திரைக்காகத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்தோம். வீட்டில் முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான நைட்டி போதும். பிள்ளை உள்ளே தோலோடு ஒட்டி இருக்கும், மேலே நைட்டி, அதற்கு மேல் துப்பட்டா. வெளியில் பார்ப்பவருக்குப் பிள்ளையின் தொப்பி மட்டும்தான் தெரியும்.

செய்யும் முறையை மாடியில் பொம்மையை வைத்து நர்ஸ் சகோதரி செய்து காட்டப்போகிறார். கீழே உள்ளவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத்துணி மட்டும். மார்பின் நடுவில், நிமிர்ந்த வாக்கில், தவளை உட்கார்ந்த மாதிரி கைகால் மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து சற்றே மேலே. தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சு அடைபடும், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிறகு நீளத் துணியால் உம்மாவோடு சேர்த்துக் கட்ட வேண்டும், மூக்கும் வாயும் வெளியே இருக்க. உம்மா சாய்ந்து இருக்க வேண்டும். மல்லாந்து படுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஐந்து நிமிடமாக எடுத்து எடுத்து வைப்பது பிள்ளைக்கு அலுப்பு. மார்பில் இழுக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான், இன்றைக்கும் டாக்டர்கள் அதையே தரச் சொல்கிறார்கள். பாட்டில் வேண்டாம். இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது பிள்ளையே நெளிந்து, உதைத்து, இறக்கிவிடு என்று காட்டிவிடும்.

பால் விஷயத்தில் ஒரு வார்த்தை. பெற்றவளுக்குப் பால் இல்லையென்று வேறு பெண்ணின் பாலோ, தாய்ப்பால் வங்கிப் பாலோ கொடுக்கும்போது ரளாஅத் உறவு பற்றி நம் வீடுகளில் கவலை வருகிறது. ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நாம் சொல்வது, நெஞ்சில் போட்ட வீடுகளில் உம்மாவுக்கே பால் ஊறி, பெரும்பாலும் அந்தக் கேள்வியே எழவில்லை.

எட்டு மணி நேரம் என்று கேட்டதும் மாமிமார் என்ன கேட்பார்கள் தெரியும். சோறு யார் ஆக்குவது? அந்தக் கேள்விக்குத்தான் கீழே உட்கார்ந்திருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும்.

போன வருடம் நம் ஊரிலேயே இரட்டைப் பெண் பிள்ளைகள். ஒன்று 1 கிலோ 600, இன்னொன்று 1 கிலோ 450. உம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று வயதில் ஒரு பையன். மாமிக்கு முழங்கால் வலி. வாப்பா துபாயில் இருந்து பதினைந்து நாள் லீவில் வந்தார். அந்தப் பதினைந்து நாளில் விருந்துக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகாமல், சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பிள்ளையைத் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாப்பாவும் செய்யலாம், உம்மம்மாவும் செய்யலாம், தோல் நோயோ காய்ச்சல் இருமலோ இல்லாத யாரும் செய்யலாம். முதல் நாள் மச்சான்மார் கேலி செய்திருக்கிறார்கள். அவர் காதில் வாங்கவில்லை. சோறு பக்கத்து வீட்டு லாத்தாவும் எதிர் வீடும் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். லீவு முடிந்து அவர் போன பிறகு உம்மம்மா வந்து இரண்டாவது பிள்ளையை வாங்கிக்கொண்டார். மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை. "நாங்க ஆறு பெத்தோம், யாரும் நெஞ்சில கட்டிக்கிட்டு அலையல" என்றார். ஆறு பெற்றதில் எத்தனை இருக்கிறது என்று கேட்க யாருக்கும் மனமில்லை. அவரே ஒரு ராத்திரி சொன்னாராம், நாலுதான் என்று. அடுத்த நாள் முழங்கால் வலியோடு சின்னவளை வாங்கித் தன் நெஞ்சில் போட்டுக்கொண்டார்.

அல்ஹம்துலில்லாஹ், இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். சின்னவள் இன்னும் மெலிவுதான். கண் பரிசோதனைக்கும் காது பரிசோதனைக்கும் கூட்டிப் போகிறார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பரிசோதனையும் விட்டுவிடக் கூடாது, டாக்டர் சொன்ன தேதியில் போக வேண்டும்.

நெஞ்சில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பிள்ளை பால் இழுக்காமல் போனால், கூப்பிட்டும் முழிக்காமல் துவண்டால், கால் சில்லிட்டு நெஞ்சில் போட்டும் சூடு ஏறாவிட்டால், மூச்சு வேகமாகி விலா உள்ளிழுத்தால், உதடு நீலமானால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஓடினால், வெட்டு வந்தால், 108ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியிலும் பிள்ளை நெஞ்சிலேயே இருக்கட்டும். அரசு மருத்துவமனைப் பச்சிளம் குழந்தைப் பிரிவில் சிகிச்சை இலவசம். தனியாரில்தான் பார்ப்போம் என்றாலும் பரவாயில்லை, ஆனால் ஒரு கேள்வியை முதல் நாளே கேளுங்கள்: உம்மா எப்போது பிள்ளையை நெஞ்சில் போடலாம்? முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். இனிமேல் பிரசவச் செலவுக்கு டிரஸ்ட்டிடம் வருபவர்களிடம் நாமும் இந்தக் கேள்வியைக் கேட்போம்.

கமிட்டி எடுத்த முடிவுகளைச் சொல்லிவிட்டு உட்காருகிறோம். எடை குறைந்த பிள்ளை பிறந்த வீட்டில், வேறு பெண் துணை இல்லாவிட்டால், நாற்பது நாளைக்குச் சமையலுக்கும் துணி துவைக்கவும் ஒரு ஆளுக்கான கூலியை பைத்துல்மால் கொடுக்கும். பிள்ளை மருத்துவமனையில் இருந்தால் உம்மாவும் துணைக்கு ஒருவரும் போய்வரும் செலவையும் கொடுக்கும். இது சாமான்யப்பட்டவர்களுக்கு. வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டில் தாங்களே இந்த ஆளை வைத்துவிடுங்கள். நம் தையல் வகுப்புப் பெண்கள் கட்டுத்துணியும் தொப்பியும் தைத்து வைத்திருக்கிறார்கள், இலவசம். பிள்ளை எடை பார்க்கும் தராசு ஒன்று வாங்கி மதரஸா உஸ்தாத் வீட்டில் வைத்திருக்கிறோம். பெண்கள் எந்த நேரமும் போய்க் கேட்கலாம். ஆண்கள் அலுவலகத்துக்கு அஸருக்குப் பிறகு வரலாம். இரவு நேரம் என்றால் மோதினார் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

சாய்வு நாற்காலி ஆறு கொடுத்தோம். அதில் ஒன்றின் கைப்பிடி உடைந்துவிட்டதாகப் போன வாரம் மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். நாளை ஆள் அனுப்புகிறோம். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது, ஜமாஅத் முடிந்ததும் நம்மைப் பாருங்கள்.